ரசீது மலையேறாது

கொல்லிமலைச் சாலையில் விபத்து என்று ஒரு செய்தி வந்தால் போதும், நாமக்கல் வட்டாரத்தில் டீக்கடை பெஞ்சு முதல் கல்யாண மண்டபப் பந்தி வரை ஒரே தீர்ப்புதான். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு. அந்தக் காலத்துல இப்படியா ஓட்டினாங்க? ஃபைனை இன்னும் ஏத்தணும். பத்தாயிரம், இருபதாயிரம்னு தீட்டினாத்தான் அடங்குவானுங்க." சொல்பவரும் பெரும்பாலும் வண்டி ஓட்டுபவர்தான், தன்னை மட்டும் கணக்கில் சேர்க்காமல் சொல்வார். கூடவே சிங்கப்பூரும் வந்துவிடும். சிங்கப்பூரை இழுக்காமல் நம் ஊரில் சாலை ஒழுங்கைப் பற்றி யாரும் பேசி முடித்ததாகத் தெரியவில்லை.

ஓட்டும் தரம் கெட்டுக் கிடக்கிறது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரை பஸ்ஸில் போய்வந்த எவரும் அதை மறுக்க மாட்டார். அதற்குக் காரணமாகச் சொல்வதும் மருந்தாகச் சொல்வதும்தான் தவறு என்கிறேன். மனிதர்களின் குணம் கெட்டதால் சாலை கெட்டது, தொகையை ஏற்றினால் குணம் திருந்திவிடும் என்பது அந்த மலைப்பாதையில் நடப்பதை உட்கார்ந்து பார்க்காதவர்களின் பேச்சு.

அங்கே என்னதான் நடக்கிறது? சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. அரசு பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு வருவதற்கு முன்பே டிரைவர் ஹாரனை நீளமாக அடிக்கிறார். கியரைக் குறைக்கிறார். வண்டியைச் சட்டென்று உள்ளே ஒடித்துவிட முடியாது. மூக்கை வெளியோரம் வரை கொண்டுபோய், அதன்பின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால்தான் பின்சக்கரம் உள்ளோரத்தில் மாட்டாமல் திரும்பும். அந்தச் சில நொடிகளுக்குச் சாலையின் முழு அகலமும் பஸ்ஸுக்கு வேண்டும். மேலிருந்து இறங்கும் கார் வளைவுக்கு ஐம்பது அடி முன்னாலேயே ஒதுங்கி நின்றிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

கார் நிற்பதில்லை. வளைவுக்குள்ளேயே வந்து மூக்கை நீட்டுகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கார். கிடைத்த இடுக்கில் நாலைந்து பைக்குகள். பஸ் பாதித் திருப்பத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் விசிலும் கையுமாக இறங்கி, கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். மேட்டில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் ஒருவர் விழிக்கிறார். பின்னால் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது, ஆனால் ஹாரனை மட்டும் விடாமல் அமுக்குகிறார். முதல் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "பாத்து வரமாட்டியா?" என்று பஸ் டிரைவரைப் பார்த்துக் கத்துகிறார். டிரைவர் பதிலுக்கு ஒன்று சொல்கிறார், அது அச்சில் ஏறாது. பஸ் மறுபடி கிளம்பும்போது கிளட்ச் கருகும் வாடை உள்ளே இருக்கிற எல்லாருடைய மூக்கிலும் ஏறுகிறது.

இதில் விதியை மீறியவர் யார்? மலைச்சாலையில் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க அகலம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் பாரத்தோடு மறுபடி எழுவது கஷ்டம் என்பதால் வந்த விதி. நம் கார்க்காரரோ சீட் பெல்ட் போட்டிருக்கிறார். லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பக்காவாக வைத்திருக்கிறார். அடிவாரத்தில் அவரை மடக்கிச் சோதித்தால் ஒரு ரூபாய்கூடத் தேறாது. பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரையும் கண நேரம் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தியவர் அவர்தான். அந்தக் குற்றத்துக்கு யாரும் ரசீது கிழித்து நான் பார்த்ததில்லை.

இனி அபராதக் கணக்குக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மூன்று வருடம் யோசித்துவிட்டு, 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதங்களை அமலுக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் அதற்கும் 10,000. டீக்கடைத் தீர்ப்பு கேட்டது இதைத்தானே? பத்து மடங்கு கிடைத்துவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். புதிய அபராதம் முழு வருடமும் அமலில் இருந்த 2023-ல் 18,347 பேர்.

ஒரு வருடக் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். வண்டிகளும் பெருகின, அபராதம் ஏறாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கலாம் என்றும் வாதிடலாம். ஆனால் "தொகையை ஏற்று, அடங்கிவிடுவான்" என்று அடித்துச் சொன்னவர்கள்தான் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பத்து மடங்கு ஏற்றியும் அடங்காதவன் இருபது மடங்கில் அடங்குவான் என்பதற்கு அவர்கள் கையில் என்ன இருக்கிறது?

ஹெல்மெட் பிடிப்பதைக் கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022-ல் இந்தியா முழுவதும் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. போட்டே ஆக வேண்டும். என் குறை வேறு. சமவெளியில், நிழல் இருக்கிற முச்சந்தியில், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தைப் பிடிப்பது எளிது. வளைவுக்குள் முந்துவதை, இறக்கத்தில் வழி மறிப்பதை, குடித்துவிட்டு மலை இறங்குவதைப் பிடிக்க அந்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும். எளிதாகப் பிடிபடுவதையே பிடித்து, அதன் எண்ணிக்கையை அமலாக்கம் என்று காட்டுகிறோம். பிடிபடுவோம் என்ற நிச்சயம் இருந்தால் நூறு ரூபாய்க்கும் மனிதன் பயப்படுவான். பிடிபட மாட்டோம் என்று தெரிந்தால் லட்சம் ரூபாயும் பலகையில் எழுதிய எண்தான்.

சிங்கப்பூரை இழுப்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே தொகை அதிகம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்மவர்கள் ஊருக்குத் திரும்பும் விமானத்திலேயே மறந்துவிடுகிறார்கள். அங்கே பல குற்றங்களுக்குப் புள்ளியும் ஏறும். 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். பணக்காரன் பணத்தைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போக முடியாது. நம் இ-சலானோ குறுஞ்செய்தியாக வந்து போனில் தூங்குகிறது. வண்டியை விற்கும்போதோ எஃப்.சி. எடுக்கும்போதோதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது.

அடுத்து, "அந்தக் காலத்துல இப்படியா?" என்ற பெருமூச்சு. இதைக் கேட்கிறவர்கள் நாமக்கல்காரர்களாக இருந்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். லாரிக்குப் பாடி கட்டிக் கொடுத்து, காஷ்மீர் வரை வண்டி ஓட்டிப் பிழைத்த ஊர் இது. அந்தக் காலத்து டிரைவர் எப்படி உருவானார் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, டயர் மாற்றி, மேட்டில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வருடக்கணக்கில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையும் கையையும் பார்த்துக் கற்றுக்கொண்ட பின்புதான் ஸ்டீயரிங் கைக்கு வரும். அதுவும் முதலில் ஆளில்லாத ரோட்டில், ராத்திரியில். "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு" என்பதைத் திட்டு வாங்கி, சில சமயம் அடியும் வாங்கிக் கற்றவர்கள் அவர்கள். அன்றைக்குக் கொல்லிமலைக்கு ஏறியவை பஸ், லாரி, ஜீப். ஓட்டியவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். வண்டிகளும் குறைவு. இதில் போலீஸ் பயம் எங்கே வந்தது? அவர்களை ஒழுங்காக ஓட்ட வைத்தது பயிற்சி. அந்தப் பயிற்சி முறை இன்று கரைந்துவிட்டது, அதன் இடத்தில் எதையும் நாம் வைக்கவில்லை.

இன்று மலைக்கு வருகிற கார்க்காரர், லைசென்ஸ் எடுத்த நாளில் சமதரையில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துக் காட்டியிருப்பார். பைக்காரர் எட்டுப் போட்டுக் காட்டியிருப்பார். அந்த எட்டையும் இந்த எழுபதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். மலையில் எப்படி இறங்குவது என்று அவரை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லியும் தரவில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வருகிற ஒருவருக்கு, அந்த வண்டியில் இன்ஜின் பிடித்து நிறுத்துவது மிகக் குறைவு, முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும் என்று எப்படித் தெரியும்? இறங்க இறங்கப் பிரேக் சூடாகிறது. சூடான பிரேக் பிடிப்பு இழக்கிறது. நாற்பது வளைவு இறங்கியபின் கைப்பிடியை அமுக்கினால் பஞ்சை அமுக்குவது போல இருக்கிறது. இதில் எந்த இடத்தில் அவர் குணம் கெட்டது? உத்தராகண்டில் வணிக வாகன ஓட்டுநர்கள் மலையில் ஓட்டத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். சார்தாம் யாத்திரைக்குப் போகிற வண்டிக்காரர்களுக்கு இது தெரியும். சமவெளியிலிருந்து சுற்றுலா பஸ் ஓட்டி வருகிறவரிடம் கொல்லிமலை அடிவாரத்தில் நாம் என்ன கேட்கிறோம்? பிளாஸ்டிக் இருக்கிறதா, மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நல்லதுதான். இறங்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இறங்குவதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மலைகளில் அண்மைக்காலத்தில் நடந்த பெரிய விபத்துகளை எடுத்துப் பாருங்கள். 2018 அக்டோபரில் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கிய சென்னைக்காரர்களின் கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசி மாவட்டத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய சுற்றுலா பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வந்த தனியார் பஸ் கவிழ்ந்தது, குறைந்தது ஐந்து உயிர்கள் போயின. மூன்றும் இறக்கம். மூன்றிலும் ஓட்டியது "ரீல்ஸ் போடுற பசங்க" கிடையாது. ஏற்காட்டு பஸ் அந்தத் தடத்திலேயே தினமும் ஓடுகிற பஸ். எனவே வெளியூர்க்காரர்தான் குற்றவாளி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இறக்கம் ஒன்றுதான்.

வளைவுதான் ஆளைக் கொல்கிறது என்ற நம்பிக்கையும் இந்த இடத்தில் தடுமாறும். 2022-ல் நாட்டில் நடந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேர்ச்சாலையில் நடந்தவை. நேர்ச்சாலைதான் அதிகம், அதனால் அங்கே விபத்தும் அதிகம் என்பது சரி. ஆனால் கொல்லிமலையிலும் வளைவில் மனிதன் தானாகவே மெதுவாகிறான். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நீளத்தில்தான் அவனுக்கு ஆசை வருகிறது. அங்கே முறுக்குகிறான், அங்கே முந்துகிறான், அடுத்த எண் பலகை கண்ணில் படும்போது வேகம் கைமீறியிருக்கும்.

சரி, பைக் பசங்கள் எல்லாரும் உத்தமர்களா? இல்லை. வார இறுதியில் சேலம், ஈரோடு, பெங்களூரு என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா. வளைவில் முட்டி தரையில் உரசுகிற மாதிரி சாய்க்க வேண்டும், எழுபதையும் எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்று போட வேண்டும். எதிரில் பலாப்பழ லோடு ஏற்றிய மினி லாரி வரலாம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்தச் சாலையை விளையாட்டு மைதானமாக விற்றவர்கள் யார்? சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் முதல் வரியில் "எழுபது கொண்டை ஊசி வளைவுகளின் திகில் பயணம்". ஆகாயகங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் மன்னன் வல்வில் ஓரியும் அதற்குப் பிறகுதான். திகிலை விற்றுவிட்டு, வாங்க வந்தவனைப் பார்த்துப் பயம் இல்லையா என்று கேட்கிறோம்.

அபராதம் அவனை என்ன செய்யும் என்றும் பார்த்துவிடுவோம். பைக் விலை மூன்று லட்சம். ஒரு பயணத்துக்குப் பெட்ரோல், ரூம், சாப்பாடு என்று பல ஆயிரம். அதில் ஓர் ஆயிரம் ரூபாய் ரசீது என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. சில பேருக்கு அதுவே ஒரு வீடியோ. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த பிரபல யூட்யூபரின் லைசென்ஸைப் பத்து வருடத்துக்கு முடக்கினார்கள். எந்தத் தொகையையும் விட அதுதான் வலித்திருக்கும். ஆனால் அவர் விழுந்து, அது ஊரெல்லாம் பரவிய பிறகு எடுத்த நடவடிக்கை அது. விழாமல் தப்பித்த நாட்களில் யாரும் கேட்கவில்லை.

அதே ஆயிரம் ரூபாயை இன்னொரு பக்கம் வைத்துப் பாருங்கள். கொல்லிமலையில் நாடு என்று பெயர் முடிகிற 14 ஊராட்சிகள். சுமார் 40,000 மக்கள், பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் மறுநாள்தான். ஒரு மொபட்டில் முன்னால் மிளகு மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை என்று சந்தைக்கு வருகிறவரை மடக்குவது மிகச் சுலபம். மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, சில சமயம் லைசென்ஸும் இல்லை. சட்டப்படி தவறுதான், பிள்ளையின் உயிருக்கு ஆபத்துதான். ஆனால் அவருக்கு அந்த ரசீது பல நாள் கூலி. பஸ் விட்டால் தீர்கிற ஒரு குற்றத்துக்கு அவர் கட்டுகிறார். வளைவில் பஸ்ஸை மறித்த கார்க்காரர் எதுவும் கட்டாமல் சேலம் போய்ச் சேர்கிறார். அபராதத்தை இரட்டிப்பாக்கினால் இந்த இருவரில் யார் நசுங்குவார் என்று சொல்லவும் வேண்டுமா?

அவர்கள் நசுங்குவது பணத்தால் மட்டுமில்லை. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் நாமக்கல்லோ சேலமோதான். பிரசவ வலியில் சிக்கலான ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு 108 இறங்கும்போது, முப்பதாவது வளைவிலோ நாற்பதாவது வளைவிலோ கார்கள் மூக்கு மூக்காக நின்றால் சைரனால் என்ன பயன்? ஒதுங்க இடமே இல்லை. வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் என்கிறது சட்டம். வரிசையில் நிற்கிற முப்பது பேரில் யாரிடம் வசூலிப்பது?

அபராதப் பிரியர்களுக்கு இன்னொரு கேள்வி. 2019 திருத்தத்தில் ஹெல்மெட் பிரிவு எல்லாருக்கும் மனப்பாடம். அதே திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சாலையை வடிவமைக்கிற, கட்டுகிற, பராமரிக்கிற அமைப்போ ஒப்பந்ததாரரோ உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், அவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்த ரசீதை நம் ஊரில் யாருக்காவது கிழித்திருந்தால் அது தலைப்புச் செய்தியாகியிருக்கும். மழையில் மண் சரிந்த இடத்தில் தடுப்புச்சுவர் எத்தனை மாதம் கழித்து எழுகிறது, வளைவில் வைத்த குவிகண்ணாடியை யார் துடைக்கிறார்கள், ஒதுங்கி நிற்க எங்கே இடம் விட்டிருக்கிறது என்று கேட்பதை விட, "பசங்க சரியில்லை" என்பது எல்லாருக்கும் வசதி. குற்றம் ஆளின் குணத்தில் என்று ஆகிவிட்டால் அலுவலகத்தில் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நினைவிருக்கும். அவர் தொடுத்த வழக்கில்தான் 2014-ல் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 அன்று அந்த வழக்கில் வந்த உத்தரவு மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, சாலைத் தணிக்கை, ஓட்டுநர் பயிற்சி, விபத்துச் சிகிச்சை என்று நீள்கிறது. பொறுப்பில் பெரும்பங்கை அது சுமத்துவது அரசுகளின் தோளில்.

"வாழவந்திநாடு, செங்கரை என்று மலையில் இருப்பதே இரண்டு காவல் நிலையம். எழுபது வளைவிலும் ஆளை நிறுத்த முடியுமா?" என்பது நியாயமான கேள்வி. தேவையில்லை. இரண்டு முனையில் நின்றால் போதும். திருமலைக்குக் காரில் போனவர்களுக்கு இது புரியும். அங்கே ஒரு முனையில் நேரம் குறித்த சீட்டைக் கொடுத்து மறுமுனையில் வாங்கிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்கக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்னால் வந்து நின்றால் வேகமாக வந்தாய் என்று பொருள், அபராதம். ஏறுவதை விட இறங்க அதிக நேரம் வைத்திருப்பதைக் கவனியுங்கள். மலையைத் தெரிந்தவர் எழுதிய விதி அது. இதற்குப் பெரிய கேமராவும் வேண்டாம், துரத்திப் பிடிக்க ஜீப்பும் வேண்டாம். ஒரு கடிகாரமும் ரெண்டு ஆளும் போதும். எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்று பெருமையாகப் போடுகிற வீடியோவே அப்போது வாக்குமூலம் ஆகிவிடும்.

கல்லட்டியில் 2018-க்குப் பிறகு என்ன செய்தார்கள்? 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தப் பாதையில் வெளியூர்ப் பதிவெண் வண்டிகள் இறங்கத் தடை போட்டார்கள். நீலகிரிப் பதிவெண் இருந்தால் இறங்கலாம். சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்தார்கள், கூகுள் மேப்பை நம்பி வந்து திரும்பிப் போனார்கள். போகட்டும். தொகையை ஏற்றாமல், ஆபத்து இருக்கும் இடத்தில் ஆளை நிறுத்தித் தடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. வளைவுகள் அங்கே குறைவு. சனி, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு போன்ற நாட்களில் சுற்றுலா வண்டிகள் காரவள்ளி வழியாக ஏறலாம், முள்ளுக்குறிச்சி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று வைத்தால், ஏறுகிற பஸ்ஸுக்கு எதிரே வளைவில் மூக்கு நீட்டும் கார்கள் பெருமளவு குறையும். மலை மக்களின் வண்டி, பஸ், ஆம்புலன்ஸ், சந்தைச் சரக்கு இரண்டு வழியிலும் போகட்டும். அந்தப் பாதையைச் செப்பனிட வேண்டியிருக்கும், சுற்றுலாக்காரர்களுக்குச் சுற்றும் கூடும். "எங்க வரிப்பணத்துல போட்ட ரோடு" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பேசிக்கொள்வோம்.

எனவே மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நாமக்கல் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அபராதம் வசூலான தொகையை வாசிப்பதற்கு முன்னால், காரவள்ளியிலும் சோளக்காட்டிலும் நேரச் சீட்டுக் கொடுக்க ஆள் போடுங்கள். இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதியை எண் பலகைகளுக்குக் கீழே தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். ஒதுங்க இடம் இல்லாத வளைவுகளின் பட்டியலை நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். மாலையில் இறங்குகிறவர்களைக் காரவள்ளிக்கு வந்த பிறகு ஊதச் சொல்லாதீர்கள், மலை உச்சியிலேயே ஊதச் சொல்லுங்கள். குடித்தவர் எழுபது வளைவும் இறங்கி முடித்த பிறகு பிடித்துப் பத்தாயிரம் வாங்கினால், அது கஜானாவுக்குத்தான் நல்லது.